மருத்துவமனைகள் கைமாறினால் பில் ஏறுமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய குழுமங்கள் மற்ற மருத்துவமனைகளை விலைக்கு வாங்குவது நாடெங்கும் வேகமெடுத்திருக்கிறது. கடலூரிலும் பாண்டியிலும் கையில் பில்லோடு வந்து, "இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு என்னால் முடிந்த உதவியைச் செய்து வருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மருத்துவமனையின் விலை பெருமளவு அமைகிறது. நம் பக்கத்தில் அந்தப் போக்கிடம் பெரும்பாலும் அரசு மருத்துவமனைதான். அது பலவீனமானால் தனியாருக்குப் போகிறவர்களும் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும்.

எங்கள் ஊர் மருத்துவமனையை ஒரு பெரிய குழுமம் வாங்கினால் எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

டாக்டரும் நர்ஸும் கட்டடமும் பெரும்பாலும் அப்படியே இருப்பார்கள். மாறுவது பேரம் பேசும் பலம். ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள் தனித்தனி முதலாளிகளிடம் இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியால் ஒரு மருத்துவமனையிடம் "இந்த ரேட்டுக்கு ஒத்துவராவிட்டால் அடுத்தவரிடம் போகிறோம்" என்று சொல்ல முடியும். இரண்டும் ஒரே கைக்குப் போய்விட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

இதை அதிகம் ஆராய்ந்திருப்பது அமெரிக்காவில்தான். அங்கே தனியார் இன்சூரன்ஸ் கொடுத்த தொகைகளை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுவட்டாரத்தில் போட்டியே இல்லாத மருத்துவமனைகளின் விலை, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட போட்டியாளர்கள் உள்ள இடங்களைவிட 12 சதவீதம் அதிகம் என்று கண்டது.

சிகாகோவின் வடக்குப் புறநகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2000-இல் இவான்ஸ்டன் நார்த்வெஸ்டர்ன் என்ற குழுமம் பக்கத்து ஹைலண்ட் பார்க் மருத்துவமனையைச் சேர்த்துக்கொண்டது. விலை கணிசமாக ஏறியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2004-இல் வழக்குப் போட்டு, 2007-இல் அந்த இணைப்பு சட்டவிரோதம் என்றே தீர்மானித்தது. ஆனால் அதற்குள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. பிரிப்பது கடினம் என்று, இரண்டுக்கும் தனித்தனிக் குழுக்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு பேசட்டும் என்று மட்டும் உத்தரவானது. சேர்வதற்கு முன்பே தடுக்க வேண்டும், பிறகு ஜெயித்தும் பெரிதாகப் பயனில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பெரியதானால் மொத்தமாக வாங்குவார்கள், செலவு குறையும், நமக்கும் விலை குறையத்தானே வேண்டும்?

செலவு குறையலாம். மிச்சமானது யார் பைக்குப் போகிறது என்பதுதான் விஷயம். அடுத்த தெருவில் போட்டியாளர் இருந்தால் மிச்சத்தில் கொஞ்சமாவது நோயாளிக்குக் கொடுத்தாக வேண்டும். இல்லாதபோது கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

வாங்குகிற பக்கம் ஒன்றுசேர்ந்தால் கதை வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கி, மாநிலம் முழுக்க உள்ள அரசு மருத்துவமனைகளுக்கு ஒரே டெண்டரில் மருந்து வாங்குகிறது. அதனால் விலை நன்றாகவே குறைந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன. அங்கே பெரியவரானது நோயாளிக்காக வாங்குபவர். மருத்துவமனைக் குழுமம் நோயாளிக்கு விற்பவர்.

பக்கத்துப் பக்கத்து மருத்துவமனைகள் சேர்ந்தால் சரி. சென்னையில் இருக்கும் குழுமம் பாண்டியில் ஒன்றை வாங்கினால் அதில் என்ன?

அதிலும் விலை ஏறலாம். ஒரே மாநிலத்தில் வெவ்வேறு ஊர்களில் உள்ள மருத்துவமனைகள் ஒரே குழுமத்துக்குள் வந்தபோது விலை 7 முதல் 9 சதவீதம் ஏறியதாக இன்னொரு அமெரிக்க ஆய்வு கண்டிருக்கிறது. காரணம் லேசானது. ஒரு பெரிய தொழிற்சாலை தன் ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறது என்று வையுங்கள். ஊழியர்கள் நெய்வேலியிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். "எங்கள் எல்லா மருத்துவமனைகளையும் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று குழுமம் சொன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியால் மறுக்க முடியாது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. இங்கே பாதிப் பேர் கைக்காசுதானே கட்டுகிறோம்?

நியாயமான கேள்வி. தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, ஆனாலும் அதிகம்தான். கைக்காசு கட்டுகிறவருக்காகப் பேரம் பேச இன்சூரன்ஸ் கம்பெனிகூடக் கிடையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது நாலு இடத்தில் விலை விசாரிக்க முடியுமா? வலியில் இருப்பவர் வாடிக்கையாளர் மாதிரி நடந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பதே தவறு.

அதேசமயம் கொள்முதல் வேகம் இங்கும் வந்துவிட்டது. 2023-இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஹைதராபாத்தின் கேர் மருத்துவமனைகளைக் கையில் எடுத்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் மணிப்பால் மருத்துவமனைக் குழுமத்தில் பெரும்பான்மைப் பங்குதாரரானது. மணிப்பால் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளை வாங்கியது. 2024-இல் கோழிக்கோட்டின் பேபி மெமோரியல் மருத்துவமனையில் கே.கே.ஆர். என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் நுழைந்தது. பெரும்பாலும் சில ஆண்டுகளில் லாபத்தோடு விற்றுவிட்டுப் போகவே முதலீட்டு நிறுவனம் வருகிறது. அந்த லாபம் எங்கிருந்து வரும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடலூர் – பாண்டி ரோட்டில் இத்தனை போர்டு தொங்குகிறதே! போட்டி இருக்கத்தானே செய்கிறது?

போர்டை எண்ணிப் பயனில்லை. உங்கள் நோய்க்கு, உங்கள் நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களை எண்ணுங்கள். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் ஏராளமான இடங்கள். இரவு இரண்டு மணிக்கு மாரடைப்பு, தலையில் அடி, குறைமாதக் குழந்தைக்கு வெண்டிலேட்டர் என்று வந்தால் அந்த எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். குறிஞ்சிப்பாடிக்காரருக்கும் பரங்கிப்பேட்டைக்காரருக்கும் இன்னும் குறைவு. ஊருக்கு இருபது மருத்துவமனை இருந்தும், ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஒரே இடம் என்றால் அந்தச் சிகிச்சையில் அது ஏகபோகம்தான்.

அப்படியானால் பாண்டியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருப்பதால் தனியாரில் விலை குறைகிறதா?

என் அனுபவத்தில் ஆம். ஒன்றைச் சொல்கிறேன். கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பழ வியாபாரியின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு 85,000 ரூபாய் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு எவ்வளவு என்ற விவரம் ஒன்றும் இல்லை, மொத்தத் தொகையும் ஒரு கையெழுத்தும் மட்டும். அவர் பேரம் பேசவில்லை. "சரிங்க, ஜிப்மர்ல காட்டிட்டு வரோம், அங்க தேதி தள்ளிப் போனா இங்க வரோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். கவுன்டரில் இருந்தவர், "இருங்கண்ணே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறேன்" என்று போனை எடுத்தார். திரும்பி வந்த சீட்டில் 68,000. அதே அறுவை, அதே டாக்டர், அதே ரூம்.

அந்த 17,000 ரூபாயைக் குறைத்தது கோரிமேட்டில் இருக்கும் ஒரு நிறுவனம். அதன் வாசலை அவர்கள் மிதிக்கவே இல்லை. ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் அரசு எடுத்துக்கொண்ட அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி – இவை ஒவ்வொன்றும் அங்கே போகாதவர்களுக்கும் விலையைப் பிடித்து வைக்கின்றன. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், பிரசவம் நீங்கலாக ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்ததற்கான சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். நாட்டுச் சராசரி இது.

ஆனால் அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாகிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். "ஜிப்மருக்குப் போகிறேன்" என்பது நிஜமாகவே போகக்கூடிய இடமாக இருந்தால்தான் கவுன்டர்க்காரர் போனை எடுப்பார்.

பாண்டியைச் சுற்றி இத்தனை தனியார் மருத்துவக் கல்லூரிகள். அவை விலையைக் குறைக்கின்றனவா, ஏற்றுகின்றனவா?

நம் வட்டாரத்துக்கே உரிய விஷயம் இது. காலாப்பட்டுப் பக்கம், பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர், மதகடிப்பட்டுப் பக்கம் என்று சுற்றிலும் கல்லூரிகள். மாணவர் சேர்க்கைக்கு அங்கீகாரம் வேண்டுமானால் படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும், புறநோயாளி எண்ணிக்கை காட்ட வேண்டும். அதனால்தான் கிராமத்துக்குக் கிராமம் முகாம், நோயாளிகளை ஏற்றிப்போக இலவசப் பஸ், பொது வார்டில் கட்டணச் சலுகை. இவர்களின் முக்கிய வருமானம் மாணவர் கட்டணம்; நோயாளிக்காகப் போட்டி போடுகிறார்கள். எளிய சிகிச்சைகளுக்கு இது பெரிய வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள். பொது வார்டுச் சலுகை தனி அறைக்கும் சிறப்புச் சிகிச்சைக்கும் வரும் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சேரும் முன்பே கேளுங்கள்.

போட்டி கூடினால் விலை கட்டாயம் குறையுமா?

கட்டாயமில்லை. எதில் போட்டி என்பதைப் பார்க்க வேண்டும். 1980-களில் அமெரிக்க மருத்துவமனைகள் விலையில் போட்டி போடாமல் கருவிகளில் போட்டி போட்டன. ஒருவர் புது ஸ்கேனர் வாங்கினால் அடுத்தவரும் வாங்கினார். வாங்கிய கருவிக்குத் தீனி வேண்டும், அதனால் செலவு ஏறியது.

நம் ஊரில் இதைவிட மோசமான போட்டி ஒன்று உண்டு. நோயாளியை அனுப்பி வைப்பவருக்குக் கமிஷன் கொடுப்பதில் போட்டி. கிளினிக், லேப், சில இடங்களில் ஆம்புலன்ஸ் வரைக்கும் இது போகிறது. கமிஷன் ஏறினால் அதுவும் உங்கள் பில்லில்தான் வந்து உட்காரும். டாக்டர்கள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தெளிவாகத் தடைசெய்கின்றன.

விலையை அரசு நிர்ணயித்துவிட்டுத் தரத்தில் போட்டி போடச் சொன்னால் பலன் நன்றாக இருக்கும். இங்கிலாந்தில் 2006 முதல் நோயாளிகள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார்கள். கட்டணம் எல்லா இடத்திலும் அரசு வைத்ததுதான். போட்டி அதிகமிருந்த பகுதிகளில் மாரடைப்பு மரணங்கள் கூடுதலாகக் குறைந்தன என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உள்ளேயே இருக்கும் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

உள்நோயாளியாகச் சேர்ந்தபின் நீங்கள் கிட்டத்தட்ட அவர்கள் பிடியில். வெளியே பத்துக் கடை இருந்தும் உங்களுக்கு ஒரே கடை. தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாங்கிய ஒரு சிரிஞ்ச் வெளிக்கடையில் அதைவிடக் குறைவாகக் கிடைத்ததைப் பார்த்து ஒருவர் 2015-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். அது பெரிய விசாரணையாகி, தில்லியின் மற்ற பெரிய மருத்துவமனைகளுக்கும் நீண்டது. 2018-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது தெரிந்தது. எம்.ஆர்.பி.க்கு மேல் யாரும் விற்கவில்லை. எம்.ஆர்.பி.யே உயர்த்தி அச்சடிக்கப்பட்டிருந்தது.

2025 மார்ச்சில் இதே பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உள்கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. கொள்கை வகுக்கும் பொறுப்பை நீதிமன்றம் மாநிலங்களிடம் விட்டது. ஆக, ஊசி மருந்தை வெளியே வாங்கி வரலாமா என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

அரசே விலை வைத்துவிடலாமே?

சில பொருள்களுக்கு வைத்துப் பார்த்தாகிவிட்டது. 2017 பிப்ரவரியில், அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு வந்தது. லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து தடவிய ஸ்டென்ட் 29,600 ரூபாய் ஆனது. சாதா ஸ்டென்ட் 7,260. அதே ஆகஸ்டில் முழங்கால் மாற்று உறுப்புகளுக்கும் வந்தது. ஆனால் ஸ்டென்டில் குறைந்ததை அறுவை அரங்குக் கட்டணத்திலோ வேறு தலைப்பிலோ ஏற்றிக்கொள்ள இடமிருக்கிறது. ஒரு பொருளுக்கு மட்டும் விலை வைத்தால் பில்லின் மற்ற தலைப்புகள் வீங்கும்.

மொத்தச் சிகிச்சைக்கும் விலை என்றால், 2010-இன் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டுக்கு 1997-இல் இயற்றிய தனிச்சட்டம். மத்தியச் சட்டத்தின் 2012 விதிகள், கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொல்கின்றன, அரசு தீர்மானிக்கும் வரம்புக்குள் வாங்கச் சொல்கின்றன. ஆண்டுகள் பல போயும் வரம்பு தீர்மானமாகவில்லை என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கடிந்துகொண்டது. பாண்டியில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கட்டணப் பலகை எங்கே என்று கேளுங்கள். தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டி ஆணையம் ஏன் இந்தக் கொள்முதல்களைத் தடுப்பதில்லை?

சின்ன ஊர்க் கொள்முதல் அவர்கள் மேஜைக்கே போவதில்லை. 2024-இல் திருத்திய வரம்புகளின்படி, வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடிக்குள் அல்லது விற்றுமுதல் 1,250 கோடிக்குள் இருந்தால் பொதுவாக முன் அனுமதி வேண்டியதில்லை. 2,000 கோடிக்கு மேற்பட்ட பேரங்களுக்குத்தான் இதில் விலக்கு கிடையாது. ஐம்பது நூறு படுக்கை உள்ள மாவட்ட மருத்துவமனை எதுவும் இந்தக் கணக்குக்குள் வராது. நாட்டளவில் அது தூசு. அந்த மாவட்டத்துக்கு அதுதான் ஒரே கேத்லேப், அதாவது இதய ரத்தக் குழாய் அடைப்பைப் பார்த்து நீக்கும் இடம், ஆக இருக்கலாம். கோடிகளைப் பார்க்கும் சட்டம் கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சம், மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை கைமாறினால் சுகாதாரத் துறைக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், பொதுமக்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்றாவது விதி வேண்டும்.

தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெரிய சங்கிலிதானே? அங்கே விலை ஏறவில்லையே?

ஏறவில்லை, அதை நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது, 2003-இல் நம் ஊருக்கு வந்தது. கட்டணம் கொடுப்பவரின் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் சிகிச்சை என்பது அவர்கள் முறை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பல மடங்கு விழுந்தது. இது அடுத்தவரை வாங்கி வளர்ந்த சங்கிலி இல்லை. புதுப் படுக்கைகளைக் கட்டி வளர்ந்தது. நடத்துவது ஓர் அறக்கட்டளை, பங்குதாரருக்கு லாபம் பிரிக்க வேண்டியதும் இல்லை. பெரிதாக இருப்பது குற்றமில்லை, எப்படிப் பெரிதானார்கள் என்று பாருங்கள்.

நர்ஸ்களுக்கு என்ன ஆகும்?

ஊரில் முதலாளிகள் குறைந்தால் நோயாளிக்குப் போக்கிடம் குறைவது போலவே ஊழியருக்கும் குறையும். போட்டியைப் பெரிதும் குறைத்த இணைப்புகளுக்குப் பிறகு நர்ஸ் போன்ற திறன் பெற்ற ஊழியர்களின் சம்பள உயர்வு மந்தமானது என்று 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

என்னிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது. விலை எப்படி இருந்தால் எனக்கென்ன?

இரண்டு காரணம். விலை ஏறினால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். அதைவிட உடனே கடிப்பது ரூம் வாடகை வரம்பு. 3 லட்சம் பாலிசியில் ஒரு நாள் வாடகைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 என்று வரம்பு இருக்கிறது என வையுங்கள். நீங்கள் 5,000 ரூபாய் அறையில் சேர்கிறீர்கள். மீதி 2,000-ஐ மட்டும் கட்டினால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பல மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு எல்லாமே அறைக்குத் தக்கபடி ஏறும். அதனால் கம்பெனியும் அந்தத் தலைப்புகளில் ஐந்துக்கு மூன்று பங்குதான் கொடுக்கும். அவை 1,00,000 ரூபாய் என்றால் 40,000 உங்கள் தலையில். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதப்படி வெட்டக் கூடாது என்று 2020-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது, ஐ.சி.யூ.வுக்கும் இந்த வெட்டு கிடையாது. பில்லில் வெட்டியிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

பேரம் பேச என் கையில் என்ன இருக்கிறது?

அவசரமில்லாத சிகிச்சை என்றால் நிறைய. எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், தலைப்பு தலைப்பாக. அதை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்திலும், ஓர் அரசு மருத்துவமனையிலும் காட்டுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ள கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் பாண்டியில் சேரும் முன், அந்த மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்று காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முள்ளோடையைத் தாண்டினாலே வேறு அரசு, வேறு திட்டம். அவசரம் என்றால் இதையெல்லாம் நினைக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு அருகில் உள்ள இடத்துக்குப் போங்கள். பில்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் மருத்துவமனை கைமாறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டு பழையதாகவே இருக்கும், டாக்டர் பெயரே இருக்கும். பில்லைப் பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கலாம். கியூ.ஆர். ஸ்கேன் செய்து பணம் கட்டும்போது போனில் வரும் பெயரையும் கவனியுங்கள். அப்புறம், மருந்துக்கடை பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த 10 எழுத்தும் எண்ணும் உரிமையாளரின் பான் எண். கடலூரில் ஒரு மருத்துவமனையின் மருந்துக்கடை பில்லையும் பாண்டியில் இன்னொன்றின் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 10-உம் ஒன்றாக இருந்தால் இரண்டு கடையும் ஒரே முதலாளியுடையவை. வேறாக இருந்தால் உடனே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே குழுமம் பல கம்பெனிகளின் பெயரில் நடத்தலாம். கம்பெனி பெயர் கிடைத்துவிட்டால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் இயக்குநர்கள் யார் என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.